தம்பிக்குக் குரல்கள் நின்றுவிட்டன, ஆனால் அவனுக்கு மிஞ்சியிருக்கும் கூட்டாளிகள் எல்லாம் கஞ்சா அடிக்கிறவர்கள். என்ன செய்வது?

மழைக்காகம்:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. நாங்கள் லண்டனில், குரொய்டன் பக்கம். தம்பிக்கு 20 வயது. போன வருஷம் யூனியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, கூட இருந்த பெடியள் தன் ஃபோனுக்குள் ஏதோ போட்டுவிட்டார்கள், தான் நினைப்பதெல்லாம் அவர்களுக்குக் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினான். நாங்கள் பரீட்சைப் பயம் என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு ரயில் ஸ்டேஷனில் வெறுங்காலோடு நின்றவனைப் பொலிஸ்தான் கண்டு கூட்டிக்கொண்டு போனது. 5 கிழமை ஆஸ்பத்திரி. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை நம்புவதுமான மனநோய், முதல் தடவை என்றார்கள்.

வெளியே வந்து இப்போது 8 மாதம். ஏர்லி இன்டர்வென்ஷன் டீம் (முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்களைக் கவனிக்கும் மனநலக் குழு) பார்க்கிறது, கேர் கோஆர்டினேட்டர் (அந்தக் குழுவில் தம்பிக்குப் பொறுப்பானவ) நல்ல மனுசி, அரிப்பிப்ரசோல் குளிசையை ஒழுங்காகப் போடுகிறான். குரல் இல்லை, அந்தச் சந்தேகமும் இல்லை. நல்ல முன்னேற்றம் என்று டொக்டர் கடிதத்தில் எழுதுகிறார்.

வீட்டில் நாங்கள் பார்க்கிற தம்பி வேறு. மத்தியானம் 2 மணிக்கு எழும்புவான், கோப்பையை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுவான், திரும்பக் கதவைச் சாத்துவான். யூனி நின்றுபோனது. முன்பு கிரிக்கெட் விளையாடிய பெடியள் ஒருத்தரும் இப்போது எடுப்பதில்லை. மூன்று பேர் மட்டும் மிச்சம், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளிகள். கிழமையில் இரண்டு இரவு அவர்களுடைய கார் வந்து வாசலில் ஹார்ன் அடிக்கும். அன்றைக்கு மட்டும் குளிப்பான், தலை வாருவான், ஷேர்ட் மாற்றுவான். திரும்பி வரும்போது படிக்கட்டு முழுக்க ஸ்கங்க் (பலமான கஞ்சா) மணம். ஆனால் அன்றைக்கு அவன் சிரிப்பான். என்னைக் குழப்புவது அந்தச் சிரிப்புத்தான். 8 மாதத்தில் அவன் சிரித்து நான் கண்டது அந்தக் கார் வந்துபோன இரவுகளில் மட்டும்.

அம்மா ஃபோனைப் பறிக்கச் சொல்கிறா. டூட்டிங் அம்மன் கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்து, அதையும் அவன் கழற்றிப் போட்டுவிட்டான் என்று ஒரு கிழமை அழுதா. அப்பா யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவிடம் ஆறு மாதம் அனுப்புவோம் என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கூட்டாளிகளை வெட்டினால் அவனுக்கு உலகத்தில் ஒருத்தரும் இல்லை, வெட்டாவிட்டால் வருத்தம், அதாவது அந்த நோய், திரும்பி வரும் என்று பயம். யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?


கறார்_கந்தையா:

தங்கச்சி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. விஷம் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுவார்களா? ஃபோனை வாங்குங்கோ, அந்தக் கார்க்காரப் பெடியளின் தாய் தகப்பனிடம் போய்ச் சொல்லுங்கோ, தம்பியை ஊருக்கு அனுப்புங்கோ. வெயிலில் தோட்ட வேலை செய்தால் எல்லாம் தெளியும். இங்கே டீம், கோஆர்டினேட்டர் என்று ஆளுக்கு ஆள் தடவிக் கொடுத்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்.


பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கந்தையா அண்ணை, எங்கட பேப்பர் வாசிக்கிறதில்லையோ? வடமராட்சிக் கரையில் ‘கேரள கஞ்சா’ மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது என்று செய்தி வராத மாதமே இல்லை. பிடிபடாதது எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? கஞ்சா இல்லாத இடம் என்று இதை நினைத்து அனுப்பாதீர்கள். அதோடு அங்கே கிழமைக்குக் கிழமை வந்து பார்க்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறா, அதை விட்டுவிட்டு ஒருத்தரையும் தெரியாத இடத்துக்கு வந்தால், குளிசை முடிந்தபிறகு அந்தப் பெரியப்பா என்ன செய்வார் பாவம்.


ராத்திரிபஸ்109:

அக்கா, நான் உங்கள் தம்பி. அதாவது 8 வருஷத்துக்கு முன்னால் அவன் இடத்தில் நான் இருந்தேன், அதே ஊர்தான், அந்தக் காரும் கிட்டத்தட்ட அதே கார்தான் என்று வையுங்கள். இப்போது 29 வயது. வேலை செய்கிறேன், இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறேன், இரண்டாவது முறை முழுக்க முழுக்க என் புகையால்தான்.

அந்தக் காருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒன்றுமே நடக்காது. அதுதான் அதன் சுகம். நம் ஆட்களின் பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனால், சாமத்திய வீட்டு ஹாலுக்குப் போனால், ரோல்ஸ் தட்டை நீட்டும்போதே ‘இப்ப என்ன தம்பி படிக்கிறீர்?’ என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வது, இப்போது தூங்குவதைப் படிக்கிறேன் என்றா? காருக்குள் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். பாட்டுப் போகும், ஜாயிண்ட் கைமாறும், என் முறை வந்தால் வாங்கி அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அங்கே உள்ள வேலை, ஆனால் அது ஒரு வேலை. வாய் திறக்காமல் இரண்டு மணி நேரம் ஆட்களோடு இருக்கலாம். மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது வாயிலிருந்து சொல் வர நேரம் எடுக்கும், வேறு எந்த இடத்திலும் அந்த இடைவெளியை மனிதர்கள் பொறுப்பதில்லை. கஞ்சா அடித்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது, அவர்களும் அதே வேகத்தில்தான் இருப்பார்கள்.

இதைச் சொல்வதால் அடிக்க விடுங்கள் என்று அர்த்தம் இல்லை. முதல் தடவை வீட்டில் ஃபோனைப் பறித்தார்கள். கூட்டாளிகள் போய்விட்டார்கள், கஞ்சா போகவில்லை. தனியாக, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்பைவிட அதிகமாக அடித்தேன். ஆட்களோடு கிழமைக்கு இரண்டு நாள் அடித்தவன் தனியாகத் தினமும் அடித்தேன். 4 மாதத்தில் டிவியில் செய்தி வாசிப்பவர் எனக்குக் குறிப்புக் காட்டத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவது தடவை வெளியே வந்தபோது நடந்தது வேறு. டீமில் வேலை தேடித்தரும் ஒருவர் இருந்தார், அவர் என்னிடம் கஞ்சாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை, எந்த வேலை பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். நான் எதுவும் பிடிக்காது என்றேன். சரி, எந்த நேரத்தில் எழும்ப முடியும் என்றார். 12 மணி என்றேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு சாமான் கடையில் லொறி இறக்குகிற 4 மணி நேர வேலை பிடித்துத் தந்தார். வெள்ளி இரவு அடித்துவிட்டுச் சனிக்கிழமை அரிசி மூட்டை தூக்கிப் பாருங்கள், தெரியும். நான் கஞ்சாவை விட்டதற்கு முதல் காரணம் நோய்ப் பயம் இல்லை, அந்த அரிசி மூட்டை. முதலில் வெள்ளியை விட்டேன், பிறகு பலமான சரக்கை, முழுக்க விட ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இன்னொன்று, அந்தக் காரில் இருக்கும் மூன்று பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க மாட்டார்கள். என் மூன்று பேரில் ஒருவனிடம் மட்டும் எனக்கு என்ன வருத்தம் என்று உண்மையைச் சொன்னேன். அவன் அடுத்த நாளிலிருந்து என் கைக்கு ஜாயிண்டைக் கொடுக்கவில்லை, யாரிடமும் காரணமும் சொல்லவில்லை, என்னைத் தாண்டிக் கொடுப்பான். அவன்தான் இன்றைக்கும் என் கூட்டாளி. மற்ற இருவரும் தானாக விலகிப் போய்விட்டார்கள், சண்டை ஒன்றும் இல்லை.

நிறுத்தும்போது முதல் வாரம் கோபம், தூக்கம் வராது, வந்தால் பேய்க் கனவு. வருத்தம் திரும்புகிறது என்று வீட்டில் பதறினார்கள், ஆனால் இரண்டு கிழமையில் அடங்கியது. அப்புறம், நான் போட்டது ஒலன்சபின். ஜாயிண்டில் கலக்கிற புகையிலைப் புகை அந்த மருந்தை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடுமாம், அதனால் சட்டென்று புகையை நிறுத்தியதும் அதே அளவு மருந்து இரண்டு மடங்கு அடித்ததுபோல் நாள் முழுக்கத் தூங்கினேன். டொக்டர் அளவைக் குறைத்தார். தம்பி போடும் அரிப்பிப்ரசோலுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் நிறுத்தப் போகிறான் என்றால் டீமிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.


மூலிகைச்_சித்தன்:

எல்லோரும் சேர்ந்து ஒரு செடியைத் திட்டுகிறீர்கள். சித்த மருத்துவத்திலேயே கஞ்சா இருக்கிறது. அதில் சிபிடி என்று ஒரு சத்து இருக்கிறது, அது சைக்கோசிஸை மாற்றும் என்று வெள்ளைக்காரனே நிரூபித்துவிட்டான். ஹை ஸ்ட்ரீட் கடையில் எண்ணெயாகவே விற்கிறார்கள், தம்பிக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.


ஊசிமருந்து:

நான் இங்கிலாந்தில் வேறொரு ஊரில் இதே மாதிரி டீமில் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலி. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதலில் சித்தன் சாருக்கு. நீங்கள் சொல்லும் ஆய்வு 2018இல் வந்தது. அதில் சைக்கோசிஸ் உள்ள 88 பேர், பாதிப் பேருக்கு அவர்கள் வழக்கமாகப் போடும் மருந்தோடு கூடவே தினம் 1000 மில்லிகிராம் சுத்தமான சிபிடி, 6 வாரம் கொடுத்தார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது, உண்மை. கடையில் விற்கும் எண்ணெய்க்கு இந்த நாட்டு உணவுத் தர நிறுவனம் சொல்லும் நாள் உச்சவரம்பு 10 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு. அதை வாங்கும் காசுக்குத் தம்பியை ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். லண்டன் தெருவில் கிடைக்கும் ஸ்கங்கில் சிபிடி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, போதை ஏற்றும் டிஎச்சிதான் முழுக்க. அதனால் ‘செடி’ என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதே தப்பு.

மழைக்காகம், உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் சேர்த்து நடத்திய ஆய்வில், தினமும் அடிப்பவர்களுக்கு ஒருபோதும் அடிக்காதவர்களைவிட சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு 3 மடங்குக்கு மேல், டிஎச்சி 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினமும் அடித்தால் ஏறக்குறைய 5 மடங்கு. அந்தப் பலமான சரக்கு இல்லாமல் இருந்திருந்தால் லண்டனில் புதிதாக வரும் நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வந்தே இருக்காது என்று கணக்குப் போட்டார்கள். இது நோய் வருவதைப் பற்றி. வந்த பிறகு என்ன என்றால், தொடர்ந்து அடிப்பவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம். ஆனால் முன்பு அடித்து, நோய் வந்த பிறகு நிறுத்தியவர்களைப் பார்த்தால், ஒருபோதும் அடிக்காத நோயாளிகளுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் அவர்களுக்கும். இதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பையன்கள் ‘என் மூளை ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இனி நிறுத்தி என்ன’ என்ற முடிவில்தான் இருக்கிறார்கள். அது உண்மை இல்லை.

இப்போது எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம். எங்கள் டீம்களிலேயே பலர் ‘முதலில் கஞ்சாவை நிறுத்தட்டும், அப்புறம் படிப்பு, வேலை பற்றிப் பேசலாம்’ என்று வரிசை போடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தேன். இந்த வரிசை தலைகீழ் என்று இப்போது நினைக்கிறேன், பஸ் தம்பி அரிசி மூட்டைக் கதையில் சொன்னதும் அதைத்தான். வெறும் நிறுத்தலுக்காகக் காசு கொடுத்துக்கூடப் பார்த்தார்கள் இங்கே. சைக்கோசிஸ் வந்த, கஞ்சா அடிக்கும் 551 பேர், சிறுநீரில் கஞ்சா இல்லை என்றால் கடை வவுச்சர், 12 வாரத்தில் மொத்தம் 240 பவுண்ட் வரை. நோய் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போவதில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு பையனுடைய வெள்ளி இரவின் விலை 20 பவுண்ட் இல்லை போலிருக்கிறது.

வேலை செய்தது என்று நான் சொல்லக்கூடியது வேறொன்று. சோஷியல் ரெக்கவரி தெரபி என்று ஒன்று, டேவிட் ஃபௌலர் என்பவரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. அறையை விட்டு வெளியே வராத, வாரத்தில் 30 மணி நேரம்கூட உருப்படியான வேலை எதிலும் ஈடுபடாத இளைஞர்களாகப் பார்த்து எடுத்தார்கள், சுமார் 150 பேர், இங்கிலாந்தில் நான்கு வட்டாரங்களில். முக்கியமாக எண்ணியது அறிகுறியை இல்லை, மணி நேரத்தை. வேலை, படிப்பு, வீட்டு வேலை, விளையாட்டு, வெளியே போய்ச் செய்யும் பொழுதுபோக்கு, எல்லாம் கணக்கில் வரும். தெரபிஸ்ட் அறையில் உட்காரவைத்துப் பேசுவதோடு நிற்க மாட்டார், கூடவே பஸ்ஸில் ஏறுவார், காபிக் கடை வாசல்வரை வருவார், அந்த இடத்திலேயே எந்தப் பயம் எழும்புகிறது என்று பார்ப்பார். 9 மாதத்தில், வழக்கமான டீம் கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட வாரத்துக்கு சுமார் 8 மணி நேரம் கூடியிருந்தது. 8 மணி என்பது ஒரு முழு வேலை நாள் அக்கா, சும்மா இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு வாரம், தம்பி என்னென்ன செய்கிறான், எத்தனை மணி நேரம், யாரோடு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உளவு பார்ப்பது மாதிரி வேண்டாம், அவனுக்கே சொல்லிவிட்டு, முடிந்தால் அவனோடே உட்கார்ந்து எழுதுங்கள். அதைக் கோஆர்டினேட்டரிடம் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். டீமில் வேலை தேடித்தரும் ஆள் இருக்கிறாரா. குடும்பத்தோடு உட்காரும் ஃபேமிலி இன்டர்வென்ஷன் எப்போது தொடங்கும் (குறைந்தது 10 அமர்வு கொடுக்க வேண்டும் என்பது இங்கே உள்ள வழிகாட்டி, கேட்காவிட்டால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்). அப்புறம் 2 மணி வரை தூங்குவது மருந்தாலா, மனச்சோர்வாலா, இரவெல்லாம் விழித்திருப்பதாலா. மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு, மூன்றையும் வீட்டில் ‘சோம்பேறித்தனம்’ என்ற ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம்.

தம்பி சம்மதிக்காவிட்டால் அவன் விவரங்களை அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. நடுராத்திரியில் நிலைமை மோசமானால் 111 அடித்து 2ஐ அழுத்துங்கள், மனநல ஆட்கள் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999தான், யோசிக்கவே வேண்டாம்.


கறார்_கந்தையா:

வாரத்துக்கு 8 மணி நேரம் கூடியதாம். எங்கட காலத்தில் நாளுக்கு 16 மணி நேரம் வேலை செய்தோம், பெற்றோல் செட்டில் இரவு ஷிஃப்ட்டும் சேர்த்து. சரி, நர்ஸ் பிள்ளை படித்தவ, சொல்கிறா. ஆனால் அந்தக் கார்க்காரப் பெடியளை வீட்டு வாசலில் நிற்க விடுவது சரி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.


ஸ்காபரோ_பனி:

டொரொண்டோவில் இருந்து ஒரு வரி. இங்கே 2018 அக்டோபர் 17இல் இருந்து கஞ்சாவைச் சட்டப்படி வாங்கலாம், 19 வயது ஆனால் போதும், வடைக்கடைக்குப் பக்கத்திலேயே கஞ்சாக்கடை. எங்கள் ஆட்கள் இரண்டு கட்சி: அரசாங்கமே விற்கிறது, கெடுதல் என்றால் விற்குமா என்று ஒரு கட்சி, நாடே கெட்டுப்போச்சு என்று ஒரு கட்சி. ஒன்டாரியோவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஸ்கிட்சோஃப்ரீனியா எனும் நீண்டகால மனநோயில், கஞ்சா அடிமைத்தனத்தோடு தொடர்புள்ள பங்கு சட்டம் தளர்வதற்கு முன்பு 3.7 சதவீதம், சட்டப்படி ஆன பிறகு 10.3 சதவீதம் என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. சட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, முன்பு மறைத்தவர்கள் இப்போது டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்வதும் அதில் இருக்கும். என் மருமகன் விஷயத்தில் அந்த ஒளிக்காமல் சொல்வதுதான் உதவியது. எவ்வளவு, என்ன சரக்கு, எத்தனை சதவீதம் என்று பக்கெட்டைக் காட்டியே பேசினான்.


மாடித்தோட்டம்:

சென்னையிலிருந்து ஒரு அம்மா. என் பையனுக்கு இப்போது 26. மேலே அந்தக் கனடாக்காரர் சொன்னது எங்களுக்குக் கனவு. இங்கே பையன் பையில் பொட்டலம் இருந்தது என்று டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயந்தேன், வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தேன், 7 மாதம் டாக்டரிடம் ‘எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை சார்’ என்று பொய் சொன்னேன். அவர் மருந்து கேட்கவில்லை போல என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார். பையன் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் சொல்வதற்கெல்லாம் போலீஸ் வராது என்று எனக்குப் புரியவைத்ததே பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப் பையன்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு, நான் முதல் வழியில் போனவள். வெட்டினேன். சிம்மை மாற்றினேன், தெருவில் அந்தப் பையன்கள் வந்தால் மாடியிலிருந்தே விரட்டினேன். கஞ்சா நின்றது, நிஜமாகவே நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மார்க்கெட்டில் பழைய தோழி கேட்டாள், பையன் என்ன பண்றான் என்று. என் கூடவே இருக்கான் என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. கோயிலுக்கு என்னோடு, காய்கறிக்கு என்னோடு, சீரியல் என்னோடு. 24 வயதுப் பையனுக்கு 53 வயதில் நான் ஒரே சிநேகிதி.

குடும்பம் விலகாமல் கூட நிற்பது நம் ஊர் பலம் என்று சொல்வார்கள், அது பொய்யில்லை. மனநல டாக்டர் சாரதா மேனன் அம்மா 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, இங்கே அண்ணா நகரில் இருக்கிறது, அவர்களும் கனடாவில் மாண்ட்ரியலில் உள்ள மையமும் சேர்ந்து முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்களை இரண்டு வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குரல், சந்தேகம் இதிலெல்லாம் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சு குறைவது, ஆர்வம் போவது, முடங்கிக் கிடப்பது, இதில் சென்னைக்காரர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள், குடும்பத்தார் விடாமல் கூட வந்ததும் இங்கேதான் அதிகம். இங்கே நோயாளிகளிடம் கஞ்சாவும் அங்கேயளவு இல்லை. இதைக் கேள்விப்பட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, கூடவே குத்தியது. ஏனென்றால் கூட நிற்பது வேறு, காவல் நிற்பது வேறு. லண்டனிலேயே 1976இல் ஒரு ஆய்வு, குறை சொல்லிக்கொண்டும் பதறிக்கொண்டும் இருக்கிற வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியது என்று. நான் என் 35 மணி நேரத்தை எண்ணிப் பார்த்தேன். புதன்கிழமையே முடிந்துவிடுகிறது.

இப்போது அவன் காலையில் ஒரு நர்சரியில் செடிக்குத் தண்ணீர் விடப் போகிறான், 3 மணி நேரம், நான் வாசல் வரை மட்டும். அங்கே ஒரு பையன் பீடி குடிக்கிறான் என்று தெரிந்ததும் கை நடுங்கியது, ஆனாலும் அனுப்புகிறேன்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், நூலைக் கழற்றிப் போட்டான் என்று அழ வேண்டாம். என் பையன் நான் கட்டிவிட்ட தாயத்தைத் தெரு நாய்க்குக் கட்டிவிட்டு வந்தான். அந்த நாய் இன்னமும் நன்றாக இருக்கிறது.


ராத்திரிபஸ்109:

மாடித்தோட்டம் அம்மா, அந்த நாயை நினைத்து இப்போதுதான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். கந்தையா அண்ணா, வாசலில் நிற்க விடாவிட்டால் அடுத்த தெரு மூலையில் நிற்பார்கள். வாசலில் நின்றால் முகமாவது தெரியும்.


மழைக்காகம்:

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், முடியவில்லை.

நோட்டில் எழுதினோம். தம்பி முதலில் மாட்டேன் என்றான், பிறகு நான் என்னுடைய கிழமையையும் பக்கத்தில் எழுதினேன், ஃபோனைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்த மணித்தியாலத்தையும் ஒளிக்காமல் எழுதினேன், அதைப் பார்த்து ‘அக்கா உனக்கும் டீம் வேணும்’ என்றான். அவனுடைய கணக்கு: அறைக்கு வெளியே ஆட்களோடு இருந்தது ஒரு கிழமையில் 11 மணித்தியாலம். அதில் 7 அந்தக் கார். அதைக் கண்ட பிறகு அம்மாகூட ஃபோனைப் பறிக்கிற கதையை எடுக்கவில்லை. அப்பா மட்டும் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும்.

கோஆர்டினேட்டரிடம் மூன்று கேள்வியும் கேட்டேன். வேலைக்கு உதவுகிற ஆள் இருக்கிறாராம், தம்பியைப் பற்றி அவருக்கு ஒருத்தரும் சொல்லவேயில்லை. குடும்ப அமர்வுக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். குளிசையை இரவில் போடுகிறவன், அதுதான் நித்திரையைக் குழப்புகிறதோ என்று காலைக்கு மாற்றிப் பார்க்கிறார்கள்.

பிறகு அந்த மூன்று பேரில் ஒருத்தன். ராத்திரிபஸ் தம்பி எழுதியதைப் பலமுறை வாசித்துவிட்டு, கார் வந்த ஒருநாள் தம்பி குளிக்கப் போன இடைவெளியில் வெளியே போனேன். பின் சீட்டில் இருந்தவன் சின்னப் பிள்ளையாக எங்கட வீட்டில் எத்தனையோ தரம் புட்டுச் சாப்பிட்டவன். வருத்தத்தின் பெயர் அவனுக்குத் தெரியாது, ‘ஸ்ட்ரெஸ்’ என்றுதான் தம்பி சொல்லியிருக்கிறான். நான் பெயரைச் சொல்லவில்லை, அது தம்பி சொல்ல வேண்டியது. அடிக்கிறது இவனுக்குக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வரப் பயந்துபோய் இருந்தோம் அக்கா, அதுதான் இப்ப விடாமல் வாறம் என்றான். எனக்கு அதற்கு மேல் கதைக்க வரவில்லை.

கஞ்சா நிற்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. போன வெள்ளியும் மணம் வந்தது. ஆனால் நேற்றுச் சனிக்கிழமை அந்தப் பின் சீட்டுப் பெடியன் பகலில், நடந்து வந்தான், இரண்டு பேரும் பஸ் எடுத்து சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பி தன் கையால் நோட்டில் எழுதினான்: சலூன், 2 மணித்தியாலம். அதில் ஒன்றரை மணித்தியாலம் சும்மா முறைக்குக் காத்துக்கொண்டு இருந்ததுதான். நர்ஸ் அக்கா, இது கணக்கில் வருமா என்று அவனே கேட்கச் சொன்னான்.


ஊசிமருந்து:

வரும். பஸ் நேரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.